வண்ணார்பேட்டை ஆபீஸையும் பூட்டிவிட்டார்கள்: மனை விற்ற பிள்ளைகளுக்கு ஏதாவது கிடைக்குமா?

தச்சைக்காரன்

சென்னையில் தலைமையிடம் வைத்திருக்கும் ஒரு ரியல் எஸ்டேட் புரோக்கரேஜ் கம்பெனி நம்ம திருநெல்வேலிப் பக்கத்துக் கிளைகளை ஒரே வாரத்தில் மூடிவிட்டது. தென்காசி, வள்ளியூர் முதலில் போனது, கடைசியில் வண்ணார்பேட்டை. பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். வண்ணார்பேட்டையில் மட்டும் இருபது பேருக்கு மேல் இருந்தோம். நோட்டீஸ் எதுவும் கிடையாது. வாட்ஸ்அப் குரூப்பில் "இனி மதுரைக் கிளையைத் தொடர்பு கொள்ளவும்" என்று ஒரு மெசேஜ். யாரோ "சம்பளம் எப்போ சார்?" என்று கேட்டதும், அட்மின் மட்டுமே எழுத முடியும் என்று குரூப்பை மாற்றிவிட்டார்கள்.

இரண்டு விஷயம் தெரிய வேண்டும். எங்களுக்குச் சட்டப்படி ஏதாவது வருமா? பாதிப் பேருக்குச் சம்பளம், பாதிப் பேருக்கு வெறும் கமிஷன், எனக்குச் சம்பளமும் இன்சென்டிவும். இன்னொன்று, திருநெல்வேலியில் மனை வியாபாரமே படுத்துவிட்டதா, இல்லை கம்பெனி மட்டும் படுத்ததா? இதே தொழிலில் இன்னோர் ஆபீஸ் பார்ப்பதா, கங்கைகொண்டான் சிப்காட் பக்கம் போய் வேறு வேலை தேடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். "எல்லாம் நல்லதுக்கே" என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம், வீட்டில் அதை நிறையக் கேட்டாயிற்று.

கேடிசி நகர் அண்ணாச்சி

தம்பி, வியாபாரம் படுக்கவில்லை. படுத்தால் எப்படி இருக்கும் என்பதைப் பார்த்த ஆள் நான். 2016 செப்டம்பர் 9-ஆம் தேதி, அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. நான்கு வழிச்சாலை ஓரமெல்லாம் கலர் கொடி கட்டிக் கல் நட்டு விற்றுக்கொண்டிருந்தவர்கள் கொடியை அவிழ்க்கக்கூட வரவில்லை. அது ஆறுவதற்குள் நவம்பர் 8, பழைய நோட்டு செல்லாது. அட்வான்ஸ் வாங்கியவனும் கொடுத்தவனும் ஒருவரை ஒருவர் பார்த்தால் வேறு தெருவில் திரும்பினார்கள். அடுத்த வருடம், அங்கீகாரம் இல்லாத மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்த பிறகுதான் மூச்சே வந்தது. அதுதான் படுப்பது.

இப்போது அப்படி இல்லை. பார்ட்டி வருகிறது, பத்திரம் நடக்கிறது. ஆனால் மாடியில் கண்ணாடிக் கதவு போட்டு, டை கட்டிய பையனை உட்கார வைத்து, மாதச் சம்பளம் கொடுத்து இந்த ஊரில் புரோக்கர் தொழில் பண்ண முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

ஐந்து சென்ட் மனை 12 லட்சத்துக்கு முடிகிறது என்று வையுங்கள். இரண்டு சதவீதம் கமிஷன், 24,000. பத்து பேர் உள்ள ஆபீஸில் தலைக்கு 15,000 சம்பளம் என்றாலே ஒன்றரை லட்சம். அந்தச் சம்பளத்துக்கு மட்டுமே மாதம் ஏழு மனை முடிய வேண்டும். வாடகை, கரண்ட், சைட்டுக்குப் போகிற வேன், நோட்டீஸ், யூடியூப் விளம்பரம் எல்லாம் அதற்கு மேலே. இதில் கம்பெனி பில் போட்டால் கமிஷனுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, அந்த 24,000-க்கு இன்னொரு 4,320. எனக்கு வருட வரவு 20 லட்சத்தைத் தொடாது, அதனால் ஜிஎஸ்டி கிடையாது. பார்ட்டி யாரிடம் வருவார்?

அது போக, கிராமத்தில் ஓர் ஆள் இல்லாமல் இங்கே எந்த நிலமும் அசையாது. அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரிந்ததா, அத்தை கையெழுத்துப் போடுவாளா, பாதை யார் பெயரில் இருக்கிறது, கோயில் நிலம் பக்கத்தில் இருக்கிறதா என்பது டீக்கடைக்காரருக்குத் தெரியும், உங்கள் சாஃப்ட்வேருக்குத் தெரியாது. பத்திரம் முடிகிற அன்றைக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ் எதிரில் பாருங்கள். கைரேகை வைத்து, கேமராவில் முகம் காட்டி, வாங்கியவர் வெளியே வந்ததும் நேரே பாயாசக் கடையோ டீக்கடையோ. அங்கே பெஞ்சில் வைத்துத்தான் பங்கு பிரியும். ஊர்க்காரருக்கு ஒரு கட்டு, பார்ட்டியைக் கூட்டி வந்தவருக்கு ஒரு கட்டு, பேசி முடித்தவருக்கு ஒரு கட்டு. கம்பெனிப் பையன் "செக்காகக் கொடுங்க சார், ஆபீஸ் பெயருக்கு" என்று நிற்பான். அந்த ஊர்க்காரர் அடுத்த நிலத்தை அவனிடம் காட்டுவாரா என்ன?

பத்திர மேசை

அண்ணாச்சி சொன்னதில் எனக்கு முக்கால்வாசி உடன்பாடு. ஆனால் பதிவுச் செலவை அவர் தொடவே இல்லை. நான் பத்திரம் எழுதுகிற மேசையில் உட்கார்ந்திருக்கிறேன், தினமும் காதில் விழுகிற புலம்பல் இது.

2017 ஜூனில், பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை ஒன்றிலிருந்து நாலு சதவீதமாக ஏற்றினார்கள். முத்திரைத் தீர்வை 7, ஆக மொத்தம் 11. 2023 ஏப்ரலில் கட்டணத்தை 2 ஆகக் குறைத்து மொத்தம் 9 ஆக்கினார்கள், ஆனால் வழிகாட்டி மதிப்பைப் பழைய உயரத்துக்கே கொண்டுபோய்விட்டார்கள். ஐந்து சென்ட் என்பது 2,178 சதுர அடி. அடிக்கு 500 ரூபாய் மதிப்பு என்று வைத்துக்கொண்டால் இப்போது 98,010 ரூபாய் கட்ட வேண்டும். அதே மனைக்கு முன்பு மதிப்பு 335, கட்டணம் 11 சதவீதம், ஏறக்குறைய 80,260. சதவீதம் குறைந்தது, கட்டுகிற பணம் பதினேழாயிரத்துச் சொச்சம் கூடியது. 2024 ஜூலையில் மறுபடியும் மதிப்பைத் திருத்தினார்கள். பெண்கள் பெயரில் 10 லட்சத்துக்கு உட்பட்ட சொத்து என்றால் 2025 ஏப்ரலிலிருந்து ஒரு சதவீதம் சலுகை உண்டு. அதனால்தான் இப்போது வீட்டுக்காரம்மா பெயரில் பத்திரம் கூடியிருக்கிறது, திடீர்ப் பாசம் ஒன்றும் இல்லை.

இந்தக் கூடுதல் செலவை வாங்குபவர் எங்கே பிடிப்பார்? அரசிடம் பேரம் பேச முடியாது, விற்பவர் இறங்க மாட்டார். நடுவில் இருக்கிற புரோக்கர் கமிஷனில்தான் கத்தி விழும். "ரெண்டு பர்சென்டா? ஒண்ணு வாங்கிக்கோங்க." அண்ணாச்சி ஒன்றுக்குச் சம்மதிப்பார், கம்பெனியால் முடியாது.

கேடிசி நகர் அண்ணாச்சி

அரைக்கே சம்மதித்த நாள் உண்டு வே.

முன்னாள் கிளை

நான் அதே கம்பெனியில் இல்லை, இதே மாதிரி வேறொன்றில் கிளை பார்த்தேன். எல்லோரும் கம்பெனியைத் திட்டுவதால் மறுபக்கத்தையும் சொல்கிறேன்.

மார்க்கெட்டில் ஆள் இல்லை என்று யாரும் மூடுவதில்லை. தலைமையிடத்தில் கணக்குப் போடுவது சென்னைக் கணக்கு. அங்கே ஒரு ஃபிளாட் முடிந்தால் கிடைக்கிற கமிஷனுக்கு இங்கே நாலைந்து மனை முடிக்க வேண்டும், உழைப்பு அதே உழைப்பு. சைட் விசிட் என்றால் என்ன தெரியுமா? ஞாயிறு காலை வேனில் பன்னிரண்டு பேரை ஏற்றுவோம். அதில் நாலு பேர் குடும்பத்தோடு வெளியே போய் ரொம்ப நாளாயிற்று என்று வந்தவர்கள். ரெட்டியார்பட்டி தாண்டி வெயிலில் சிவப்புப் பெயின்ட் அடித்த கல்லைக் காட்டி, இது முப்பதடி ரோடு, இது பார்க், இது நூற்றுப் பதினேழாம் நம்பர் என்று சொல்லிக்கொண்டே நடப்போம். திரும்பும்போது மோர், சாப்பாடு. ஒரு ஆள் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தால் அன்று நல்ல நாள். அந்த ஆளும் மறுநாள் அதே லேஅவுட்டை, அதைப் போட்ட புரோமோட்டரிடமே நேரே போய்க் கேட்பார், கமிஷன் இல்லாமல் குறைத்துத் தருவீர்களா என்று. பல புரோமோட்டர்கள் தருகிறார்கள், அதுதான் உண்மை.

இன்னொன்றையும் யாரும் சொல்லவில்லை. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம். அதற்குப் பிறகு நெல்லையில் மனை பார்க்க வருகிறவர் முதலில் கேட்பது பட்டாவை இல்லை, "அன்னைக்கு இங்க தண்ணி வந்துச்சா?" என்பதைத்தான். வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம், சிந்துபூந்துறை எல்லாம் எப்படிக் கிடந்தது என்று எல்லோரும் கண்ணால் பார்த்தது. குளம் நிரம்பினால் தண்ணீர் வெளியேறும் மறுகால் ஓடைக்குப் பக்கத்தில் போட்ட லேஅவுட்கள் அப்படியே நின்றுவிட்டன. என் கையில் அப்படி ஒன்று இருந்தது. சென்னையில் உட்கார்ந்து டார்கெட் போடுகிறவருக்கு மறுகால் என்றால் என்னவென்று புரிய வைக்கவே முடியவில்லை.

ஆலங்குளத்துக்காரி

மறுபக்கம் எல்லாம் சரி சார். என் பக்கத்தையும் கேளுங்கள். நான் டெலிகாலர். காலையில் பத்து மணிக்கு ஹெட்போனை மாட்டினால் சாயங்காலம் வரை "சார், வணக்கம், நாலு வழிச்சாலைக்கு மிக அருகில்..." என்று பேச வேண்டும். பாதிப் பேர் திட்டுவார்கள், சிலர் அதைவிட மோசமாகப் பேசுவார்கள். அதையெல்லாம் சகித்ததற்குக் கடைசி மாதச் சம்பளம் வரவில்லை. என் மூலம் புக்கிங் ஆன மனைகளுக்கு இன்னும் பத்திரம் முடியவில்லை, முடிந்தால்தான் இன்சென்டிவ் என்பது கம்பெனி வழக்கம். இப்போது மதுரை ஆட்கள் என் பார்ட்டிகளுக்கே போன் பண்ணிப் பத்திரத்துக்குக் கூப்பிடுகிறார்கள். வேலை என்னுடையது, இன்சென்டிவ் யாருக்கு?

அப்புறம் பி.எஃப். சம்பளச் சீட்டில் பிடித்தம் காட்டியிருக்கிறது. பாஸ்புக்கைத் திறந்து பார்த்தால் சில மாதங்களாக ஒன்றுமே ஏறவில்லை. இதை எங்கே கேட்பது?

வள்ளியூர்க் காத்து

ஆபீஸ் ஏசி, சுழல் நாற்காலி எதுவும் விலைக்கு வருகிறதா? வள்ளியூரில் போன வாரமே லாரி வைத்து ஏற்றிவிட்டார்கள்.

தச்சைக்காரன்

நாற்காலியைக் கேட்க இதுவா நேரம் அண்ணே.

சங்கர்நகர் சங்கம்

தாமதமாக வந்தாலும் உருப்படியாக எழுதுகிறேன். நான் தொழிற்சங்கத்தில் இருப்பவன். இந்த மாதிரி வழக்குகளில் நியாயம் எவ்வளவு இருந்தாலும், முதலில் பார்க்க வேண்டியது நீங்கள் கம்பெனியின் காகிதத்தில் யார் என்பதைத்தான். உங்கள் பான் எண்ணில், வரிப் பிடித்தத்தைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தை எடுங்கள். வருமான வரித் தளத்தில் ஐந்து நிமிட வேலை. வரி பிடித்திருந்தால் எந்தப் பிரிவில் என்று அதில் இருக்கும். சம்பளப் பிரிவு (2026 மார்ச் வரை பிடித்ததற்கு 192) என்றால் உங்களைச் சம்பளக்காரர் என்று கம்பெனியே அரசிடம் சொல்லியிருக்கிறது. கமிஷன் பிரிவு (அதே காலத்துக்கு 194எச்) என்றால் கமிஷன் ஏஜென்ட் என்று எழுதி வைத்திருக்கிறது. சம்பளம் சிறியது, வரியே பிடிக்கவில்லை என்றால் அது காலியாக இருக்கும், பயப்பட வேண்டாம். அப்போது சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கில் மாதா மாதம் ஏறிய தொகை, வருகைப் பதிவு, ஐ.டி. கார்டு இவைதான் சாட்சி. 194எச் என்று இருந்தாலும் கதை முடிந்ததில்லை. தினமும் பத்து மணிக்கு ஆபீஸுக்கு வரச் சொன்னார்கள், லீவுக்கு அனுமதி கேட்க வைத்தார்கள், வேறு கம்பெனி மனையை விற்கக் கூடாது என்றார்கள் என்று காட்ட முடிந்தால் வாதாட இடம் உண்டு. அந்த வாட்ஸ்அப் குரூப்பை விட்டு யாரும் வெளியேறாதீர்கள், அழிக்காதீர்கள். "ஏன் லேட்?" என்று மேனேஜர் கேட்ட மெசேஜ்தான் உங்களுக்குப் பொன்.

தச்சைக்காரன் தம்பிக்கு: தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947, பிரிவு 41. தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ இல்லாமல் நிறுத்தக் கூடாது. இது ஆபீஸ் ஊழியருக்கும் பொருந்தும், விற்பனை வேலை பார்த்தவர் தொழிலாளியா இல்லையா என்ற சண்டையே இங்கே வராது. இதன் கீழ் மேல்முறையீடு போக வேண்டியது தொழிலாளர் துறைக்கு. ஒரு மாதம் தாண்ட விடாதீர்கள். நிர்வாகப் பொறுப்பில் இருந்த மேனேஜர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, முன்னாள் கிளை சாருக்கு அது தெரிந்திருக்கும்.

தொழிலாளி என்ற வரையறைக்குள் வருபவர்கள், வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால், ஆட்குறைப்புக்கு ஒரு மாத நோட்டீஸும், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளமும் கேட்கலாம். பழைய தொழில் தகராறு சட்டத்திலும் இதுதான், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலுறவுத் தொகுப்பிலும் இதுதான். ஐந்து வருடம் முடித்தவர்களுக்குக் கிராஜுவிட்டி தனி. நாலு வருடம் 240 நாள் என்றால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது, நாலே முக்கால் வருடக்காரர்கள் சும்மா போய்விடாதீர்கள்.

ஆலங்குளத்துத் தங்கச்சிக்கு: பிடித்த பி.எஃப். பணத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியிருக்க வேண்டும். பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது பாக்கி இல்லை, குற்றம். சம்பளச் சீட்டும் பாஸ்புக் பக்கமும் சேர்த்து நெல்லை பி.எஃப். அலுவலகத்தில் எழுத்து மூலம் கொடுங்கள், ஆன்லைனிலும் புகார் போடுங்கள். சம்பளம் 21,000-க்குள் இருந்து ஈ.எஸ்.ஐ. பிடித்திருந்தால் இன்னொன்று: வேலை போனவர்களுக்கு அடல் பீமித் வியக்தி கல்யாண் என்று ஒரு திட்டம், சராசரி ஊதியத்தில் பாதி, அதிகபட்சம் 90 நாளுக்கு. ஆயுளில் ஒரு முறைதான். இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கு சிலருக்கு இடிக்கும்; திட்டம் இப்போதும் உண்டா என்பதையும் சேர்த்து ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். இதை யாரும் சொல்லித் தருவதில்லை, அதனால்தான் யாரும் வாங்குவதும் இல்லை.

இன்சென்டிவ் விஷயம் சிக்கல். பத்திரம் முடிந்தால்தான் என்று எழுத்தில் இருந்தால், பத்திரம் முடிகிற நாளில் கேட்பதற்கு உங்கள் மூலம் வந்த புக்கிங் என்ற ஆதாரம் வேண்டும். புக்கிங் படிவத்தில் உங்கள் பெயர் இருக்கும் பக்கத்தைப் பார்ட்டியிடமே போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நல்ல பார்ட்டிகள் செய்வார்கள்.

மேலப்பாளையம் ஷார்ஜா

சலாம். நான் வாங்குகிற பக்கம். அந்த வண்ணார்பேட்டை ஆபீஸ் மூலம் ஒரு மனைக்கு மாதத் தவணை கட்டிக்கொண்டிருக்கிறேன். இங்கே வெயிலில் நின்று அனுப்புகிற காசு. ஆபீஸ் பூட்டிக் கிடக்கிறது என்று மச்சான் போட்டோ அனுப்பியதிலிருந்து தூக்கம் இல்லை. ஊழியர்களுக்கு வழி சொன்னீர்கள், எங்களுக்கு?

பத்திர மேசை

பாய், பதறாதீர்கள். ரசீதை எடுத்துப் பாருங்கள். பணம் வாங்கியது யார் பெயரில்? லேஅவுட் போட்ட புரோமோட்டர் பெயரிலும் அவர் வங்கிக் கணக்கிலும் போயிருந்தால், புரோக்கர் ஆபீஸ் மூடியது உங்களை ஒன்றும் செய்யாது. புரோமோட்டர்தான் பொறுப்பு. நேரே அவரிடம் பேசி, இதுவரை கட்டியதற்குக் கணக்கு எழுதி வாங்குங்கள். பணம் புரோக்கரேஜ் கம்பெனிக் கணக்கில் போயிருந்தால்தான் தலைவலி.

அடுத்து, 500 சதுர மீட்டருக்கு மேல் உள்ள லேஅவுட் என்றால் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு கட்டாயம். விற்றுக் கொடுக்கிற ஏஜென்டுக்கும் தனிப் பதிவு வேண்டும். இரண்டு பதிவு எண்ணும் ஆணையத்தின் தளத்தில் தேடினால் தெரியும். இன்னொரு விஷயம், விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் புரோமோட்டர் வாங்கவே கூடாது. தவணைக்காரர்களில் பெரும்பாலோர் அதை எப்போதோ தாண்டியிருப்பார்கள், கையில் இருப்பது கலர் புத்தகமும் ரசீதும்தான். ஒப்பந்தத்தைப் பதியச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் அதுவே ஆணையத்தில் புகார் போடக் காரணம். அதற்கு முன் ஒரு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், உங்கள் நம்பர் மனையை வேறு யாருக்கும் கிரயம் பண்ணிவிடவில்லையே என்று உறுதி செய்துகொள்ள.

ஆலங்குளத்துக்காரி

பாய், உங்கள் மனை எந்த லேஅவுட் என்று தனிச் செய்தியில் அனுப்புங்கள். அது என் கையில் இருந்ததாக இருந்தால் எந்தக் கணக்குக்குப் பணம் போனது என்று எனக்கே தெரியும்.

முன்னாள் கிளை

பிரிவு 41 எங்களுக்கு இல்லை என்பது நன்றாகவே தெரியும் சங்கம் சார். கடைசி இரண்டு மாத வேன் வாடகையும் என் கையிலிருந்துதான் போனது. இருக்கட்டும்.

தச்சைக்காரன் தம்பி, உன் இரண்டாவது கேள்விக்கு யாரும் நேரே பதில் சொல்லவில்லை. இன்னொரு பெரிய புரோக்கரேஜ் ஆபீஸைத் தேடாதே, அதே கணக்குத்தான் அங்கேயும். புரோமோட்டரிடம் நேரடிச் சம்பளத்துக்குப் போகலாம், வேலைக் கடிதம் கையில் வந்த பிறகு மட்டும். தனியாகப் பண்ணுவதென்றால் ரெராவில் ஏஜென்டாகப் பதிந்துகொண்டு பண்ணு. பதியாமல் லேஅவுட் மனை விற்றுச் சிக்கினால் நாளுக்கு 10,000 வரை அபராதம்.

கேடிசி நகர் அண்ணாச்சி

தனியாக வருவதென்றால் என்னிடம் வா தம்பி. சம்பளம் கிடையாது, பங்கு உண்டு. பழைய வீடு, காலி மனை, தோட்டம் இதில் உன்னைப் பழக்கிவிடுகிறேன். உனக்குப் போனில் விளம்பரம் போடத் தெரியும், எனக்கு அது வராது. முதல் ஆறு மாதம் வீட்டுச் செலவுக்கு வேறு வழி வைத்துக்கொண்டு வா, அது முக்கியம். இதை நம்பி உடனே கடன் கிடன் வாங்காதே.

தச்சைக்காரன்

அண்ணாச்சி, நன்றி. யோசித்துச் சொல்கிறேன். வீட்டில் சிப்காட் பக்கமே போ என்கிறார்கள், அங்கே சோலார் தொழிற்சாலையில் ஆள் எடுப்பதாகச் சொன்ன நண்பனிடமும் பேசியிருக்கிறேன். ஆனால் வர வேண்டிய பணத்தை விட்டுவிட்டு எங்கேயும் போவதாக இல்லை.

26ஏஎஸ் பார்த்தேன். எனக்குச் சம்பளப் பிரிவில்தான் இருக்கிறது. கூட இருந்த ஐந்து பேருக்கு 194எச், அவர்களும் தினமும் என்னோடு பத்து மணிக்கு கைரேகை வைத்தவர்கள்தான். எல்லோரும் சேர்ந்தே மனு கொடுக்கப் போகிறோம். வருகிற புதன்கிழமை காலை பத்தரைக்கு வண்ணார்பேட்டை பஸ் ஸ்டாப்பில் கூடிவிட்டுத் தொழிலாளர் துறை அலுவலகம் போகிறோம். சங்கம் அண்ணன் கூட வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். சம்பளச் சீட்டு, வங்கி ஸ்டேட்மென்ட், ஐ.டி. கார்டு, வாட்ஸ்அப் பிரிண்ட் எல்லாம் இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்து வாருங்கள்.

வள்ளியூர்க் காத்து

என் தங்கச்சி வள்ளியூர்க் கிளையில் ரிசப்ஷனில் இருந்தாள், அதனால்தான் லாரி ஏற்றியதைப் பார்த்தேன். அவளுக்கு வேலைக் கடிதமே கொடுக்கவில்லை, சம்பளமும் கையில்தான். அவளும் வரலாமா?

சங்கர்நகர் சங்கம்

கட்டாயம் வரச் சொல்லுங்கள். கையில் வாங்கிய சம்பளத்துக்கு வவுச்சரில் கையெழுத்துப் போட்டிருப்பாள், அதன் போட்டோ இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் விசிட்டர் ரிஜிஸ்டரில் அவள் கையெழுத்து இருக்கும் பக்கம், ஆபீஸ் ஆயுத பூஜையில் எல்லோரும் நின்று எடுத்த போட்டோ, எதுவானாலும் சரி. கூட வேலை பார்த்த இரண்டு பேர் அவளுக்காக எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. வள்ளியூரிலிருந்து பஸ்ஸுக்கு நேரமாகும், எட்டரைக்கே கிளம்பச் சொல்லுங்கள்.